சிங்கப்பூரின் போர்க்கால வைத்தியசாலைகள்

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. அம்மொழி மெய்யே. ஆயினும் அணை கோலுதல் மட்டும் அமையாது. வெள்ளம் எத்திசையினின்று வரும் என்பதும், அணைக்குள் வைத்துக் காக்கப்படுவோர் யாவர் என்பதும் முன்னரே தெளியப்பட்டிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் தெளியாது கோலிய அணை இருந்தும் பயனில்லை. இவ்வுண்மைக்கு 1942ஆம் ஆண்டிலே சிங்கப்பூரின் வைத்தியசாலைகள் பட்ட பாடு தெளிவான சான்றாகும்.

அந்நகரம் நம் சங்கத்து அன்பர்களுக்குப் புதியதன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி அக்கரை சென்றோர் நம் நாட்டிற் பல்லாயிரவர். அவர்தம் பேரரும் பேர்த்தியரும் இன்றும் ஆங்கு வாழ்கின்றனர். அந்நகரம் ஜப்பானியர் கையில் வீழ்ந்த வரலாற்றைப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். படைத்தலைவர்களின் பிழைகளையும் பீரங்கிகள் நோக்கிய திசையையும் ஆராயும் நூல்கள் மிகப் பல. நாம் ஈண்டு ஆராயப் புகுவது அவற்றையன்று. போர் வரின் காயமுற்றோரை எங்கே கிடத்துவது என்று ஆட்சியாளர் வகுத்த ஏற்பாடு யாது, அது நடந்தேறிய வகை யாது, அதனால் நாம் அறியக் கிடப்பது யாது என்னும் மூன்றையுமே முறையே கூற விழைகின்றோம்.

1819இல் ஆங்கிலக் கம்பெனியாரின் சார்பில் ராபிள்ஸ் துரை அத்தீவில் வாணிகத் தலம் ஒன்றை நிறுவினார். 1867 முதல் அது லண்டன் மாநகரத்துக் குடியேற்ற இலாகாவின் நேரான ஆட்சிக்கு உட்பட்டது. ஆதியில் அங்கே காவலுக்கு வந்த இந்தியச் சிப்பாய்கள் குடியிருந்த பகுதிக்குச் ‘சிப்பாய் லயன்’ என்று பெயர் வழங்கலாயிற்று. சிப்பாய்கள் அவ்விடம் விட்டுப் போன பின்னும் பெயர் போகவில்லை. அவ்விடத்திலேதான் 1905இல் மருத்துவப் பள்ளி தோன்றிற்று. 1926இல் ஏறக்குறைய 800 படுக்கைகள் கொண்ட பெரிய பொது வைத்தியசாலையும் திறக்கப்பட்டது.

அரசினர் கட்டியவையேயன்றிக் குடிமக்கள் தாமே எடுப்பித்த வைத்தியசாலைகளும் அந்நகரில் இருந்தன. டான் டோக் செங் என்னும் சீன வணிகர் ஏழை நோயாளர்க்காக அளித்த பொருளால் 1844இல் தொடங்கப்பெற்றது ஒன்று. கன்டோன் நாட்டு மூன்று மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோர் தம்முட் பொருள் திரட்டி 1910இல் சிராங்கூன் சாலையில் நிறுவிய குவோங் வாய் சியூ தரும வைத்தியசாலை மற்றொன்று. சங்கமாகக் கூடி வாழும் நமக்கு இப்பின்னதன் வரலாறு பெரிதும் கருதத்தக்கது. நம்மவர் மிகுதியாக உழைத்த பெருநிலப் பகுதியிலோ, ரப்பர்த் தோட்டங்களில் தோட்டத்து ஆஸ்பத்திரியும், அதிற் பணிபுரியும் ‘டிரஸர்’ என்பாரும் இருந்தனர். அந்த டிரஸர்களிற் பலர் தமிழர்.

இவையெல்லாம் சமாதான காலத்து ஏற்பாடுகள். இனிப் போர்க்கால ஏற்பாட்டுக்கு வருவோம்.

தீவின் வடகரையில் பெரும் பொருட்செலவில் எழுந்த கடற்படைத் தளத்தின் கப்பல் துறை 1938 பிப்ரவரி 14ஆம் நாள் திறக்கப்பட்டது. கடலை நோக்கிப் பெரும் பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. பகைவர் வரின் கடல்வழியே வருவர். வந்தால் சில வாரங்கள் தாக்குப்பிடித்தாற் போதும். அதற்குள் இங்கிலாந்திலிருந்து கப்பற்படை வந்து சேரும் என்பதே ஆட்சியாளரின் கருத்து. நிலப்போர் ஒன்று நேரினும் அது பெருநிலத்தின் வடகோடியிலேயே நிகழும் என்றும், சிங்கப்பூர்த் தீவு பின்னணியாய்ப் பாதுகாப்புடன் நிற்கும் என்றும் எண்ணினர். இவ்வெண்ணத்தின்மேலேயே வைத்தியசாலைகள் வகுக்கப்பட்டன.

வெள்ளைப் படைவீரர்க்கென 1940இல் அலெக்ஸாண்டிரா வைத்தியசாலை கட்டி முடிக்கப்பட்டது. உறுதியான கட்டடம், காற்றோட்டமான மாடங்கள், படைமுகாம்களுக்கு அண்மையான இடம். சமாதான காலத்தில் இவ்வண்மை பெரிய வசதி. ஆனால் அதே சுற்றுப்புறத்தில் வெடிமருந்துக் கிடங்கும் நார்மன்டன் எண்ணெய்க் கிடங்கும் இருந்தன. பகைவன் குறிவைக்கும் பொருள்களுக்கு நடுவே நோயாளியின் படுக்கை அமைந்தது.

இந்தியப் படைவீரர்க்கென அமைந்த பன்னிரண்டாம் இந்தியப் பொது வைத்தியசாலை டையர்சால் பார்க்கில் ஜொகூர் சுல்தானுக்கு உரிய நிலத்தில் இருந்தது. அது கற்கட்டடமன்று. மரச்சட்டம் நிறுத்தி, ஓலை வேய்ந்த ‘அத்தாப்பு’க் கொட்டகைகளின் வரிசையே அது. அருகிலேயே படைமுகாமும் இருந்தது. ஆஸ்திரேலியப் படையினரின் பதின்மூன்றாம் பொது வைத்தியசாலை 1941 செப்டம்பரில் வந்திறங்கிக் காத்தோங்கிலுள்ள செயின்ட் பாட்ரிக் பள்ளிக்கூடத்தில் இடம் பெற்றது. அவர்களுடைய பத்தாம் பொது வைத்தியசாலையோ அதற்கு முன்பே மலாக்காவில் நிறுவப்பட்டிருந்தது.

ஊர்மக்களின் பொருட்டு முதலுதவி நிலையங்களும், மருத்துவத் துணைப்படை என்னும் தொண்டர் கூட்டமும் ஏற்பட்டன. சீனர், இந்தியர், மலாயர், யூரேஷியர், ஐரோப்பியர் எல்லா வகுப்பாரும் அதிற் சேர்ந்து காயத்துக்குக் கட்டுக் கட்டவும் நோயாளரைத் தூக்கிச் செல்லவும் பழகினர். ஆனால் குண்டுக்கு ஒதுங்கும் காப்பிடங்கள் போதிய அளவில் எடுக்கப்படவில்லை. தாழ்ந்த நிலமாதலின் சிறிது தோண்டியவுடன் நீர் ஊறும் என்றும், தோண்டிய குழிகளில் நீர் தேங்கினாற் கொசு பெருகி மலேரியா பரவும் என்றும் அதிகாரிகள் காரணம் கூறினர். இக்காரணத்தை நகைத்து ஒதுக்கலாகாது. மலேரியாவை ஒழிக்க அந்நாட்டில் பல்லாண்டு பாடுபட்டிருந்தனர். எனினும், தோண்ட இயலாத இடத்தில் நிலத்தின்மேல் எழுப்பலாமே என்னும் வினாவுக்கு விடை காலத்தில் வரவில்லை.

இன்னுமொரு முன்னேற்பாட்டையும் இங்கே குறித்தல் வேண்டும். குழாய்நீர் நின்றுபோமாயின் உதவுமென்று, பொது வைத்தியசாலையின் வளவில் அவசர நீர்த்தொட்டி ஒன்றிற்காகப் பெரும் பள்ளம் தோண்டி வைத்தனர். நல்லெண்ணத்தோடு செய்த செயல் அது. அதன் முடிவைப் பின்னர்க் கூறுவோம்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன் முதற்குண்டுகள் சிங்கப்பூரில் விழுந்தன. அப்போது நகரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அன்றே ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும் சயாம் நாட்டுக் கரையிலும் இறங்கிற்று. 11ஆம் நாள் முதல் பினாங்கின்மீது குண்டு பொழிந்தது. தெருவில் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்த மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டனர், வைத்தியசாலை தாங்கவில்லை. இந்நிலையில் ஓரிரவில் ஐரோப்பியக் குடிகள் பினாங்கினின்று அமைதியாகக் கப்பலேற்றப்பட்டனர். சீனரும் தமிழரும் மலாயரும் கைவிடப்பட்டனர். போர்க்கால ஏற்பாடு யாரைக் கருதிச் செய்யப்பட்டிருந்தது என்பது அன்று ஊரறிய வெளிப்பட்டது. இச்செய்தி மலாய் நாடெங்கும் மக்கள் மனத்தில் ஏற்படுத்திய புண் எளிதில் ஆறவில்லை.

பின்னர் நிகழ்ந்தது தொடர்ந்த பின்வாங்கல். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. படை பின்வாங்கப் பின்வாங்க, அதனோடு வைத்தியசாலைகளும் பின்வாங்கின. பதின்மூன்றாம் ஆஸ்திரேலிய வைத்தியசாலை 1941 நவம்பரில் ஜொகூரைச் சார்ந்த தம்போயில் மனநோய் மருத்துவ விடுதியிற் குடியேறியிருந்தது. ஜனவரியில் அது காத்தோங்குப் பள்ளிக்கே மீண்டது. மலாக்காவிலிருந்த பத்தாம் வைத்தியசாலையும் தீவுக்கு வந்து ஓல்டாம் ஹால் என்னும் மாணவர் விடுதியில் தங்கிற்று. மேலே கூறிய கணக்கின்படி, பெருநிலத்தில் முன்னணியும் தீவிற் பின்னணியும் இருந்திருக்க வேண்டும். இப்போது பின்னணியே முன்னணி ஆயிற்று. நாடு முழுவதற்கும் பரப்பி வைத்த வைத்தியசாலைகள் யாவும் ஒரு சிறு தீவில் வந்து குவிந்தன.

ஜனவரி 31ஆம் நாள் கடைசிப் படைகள் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தபின் அது வெடிவைத்து உடைக்கப்பட்டது. பாலத்தோடு ஜொகூரின் குனோங் பூலாய் மலையிலிருந்து நகருக்கு நீர் கொணர்ந்த குழாயும் அறுந்தது. எஞ்சியவை தீவின் நடுவேயுள்ள நீர்த்தேக்கங்களே. அகதிகள் வந்து சேர்ந்தமையால் நகரில் மக்கள்தொகை ஏறத்தாழ பத்து லட்சத்தை எட்டிற்று என்பர்.

பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியர் நீரிணையைக் கடந்து தீவில் இறங்கினர். அதன்பின் எழுந்தது ஓர் ஓயாத இடத்தேட்டம். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் ஆசனங்களை அகற்றிக் காயமுற்றோரைக் கிடத்தினர். விக்டோரியா மண்டபம், கிரிக்கெட் கழகம், புல்லர்டன் கட்டடத்தின் கீழ்த்தளம், காத்தே மாளிகை முதலியனவும் வைத்தியசாலைகளாயின. இடம் கிடைத்தது, கட்டிலும் பாயும் கூடக் கிடைத்தன. ஆனால் நீர் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாயிற்று. குண்டுகளால் நிலத்தடிக் குழாய்கள் வெடித்தமையின், தேக்கத்திலிருந்து விட்ட நீரிற் பெரும் பகுதி தெருவிலே வீணாய் ஓடிற்று. கைகழுவ நீரில்லாத ரண சிகிச்சை அறையை வைத்தியசாலை என்று அழைப்பது எங்ஙனம்? வைத்தியசாலையிலும் இடமின்றி, வீட்டிலும் காவலின்றித் தவித்த நம்மவர் பலர் சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலிலே தஞ்சம் புகுந்தனர். அக்கோயில் குண்டுக்குத் தப்பி நின்றதைத் தமிழ் மக்கள் இன்றும் பரவசத்தோடு சொல்லுகின்றனர்.

அவ்வாரத்தில் மூன்று இடங்களில் நிகழ்ந்தவற்றை மட்டும் கூறுகின்றோம்.

முதலாவது டையர்சால். பிப்ரவரி 11ஆம் நாள் அங்கே குண்டுகள் விழுந்தன. ஓலைக்கூரைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தீப்பற்றின. நடக்கவியலாத இந்திய வீரர்கள் படுக்கையிலேயே எரிந்தனர். அருகிருந்த முகாமின் ஸ்காத்லாந்து வீரர்கள் தீக்குள் புகுந்து பலரைத் தூக்கி வந்தனர். ஆயினும் ஏறக்குறைய 200 பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது பகைவன் குண்டு என்பது ஒருபாதி உண்மை. காயமுற்றவனைக் காய்ந்த ஓலைக்கடியிலே, படைமுகாமின் பக்கத்திலே கிடத்திய ஏற்பாடும் கொன்றது என்பது மறுபாதி.

இரண்டாவது அலெக்ஸாண்டிரா. பாசிர் பாஞ்சாங் மேட்டில் மலாய்ப் படையினர் கடுமையாகப் போரிட்டுப் பின்னடைந்தபின், பிப்ரவரி 14ஆம் நாள் ஜப்பானியர் வைத்தியசாலையை அடைந்தனர். வெள்ளைக்கொடி ஏந்தி எதிரே சென்ற அதிகாரி துப்பாக்கி ஈட்டியாற் குத்துண்டு இறந்தார். சிகிச்சை அறையிலும் தாழ்வாரத்திலும் மருத்துவரும் நோயாளரும் கொலையுண்டனர். பலர் வெளியே கொண்டுபோய் அடைக்கப்பட்டு மறுநாட் கொல்லப்பட்டனர். இறந்தோர் 200 பேரளவில் என மதிப்பிடுவர். செஞ்சிலுவைக் குறியைக் கண்டும் செய்த இக்கொடுமைக்கு எவ்வகைச் சமாதானமும் இல்லை. கடற்படைத் தளத்தில் துறை திறந்த நாளுக்குச் சரியாக நான்காம் ஆண்டு நிறைவு அந்நாள்.

மூன்றாவது பொது வைத்தியசாலை. அதே பிப்ரவரி 14ஆம் நாள், டான் டோக் செங் வைத்தியசாலையில் தொண்டு புரிந்துகொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர் குண்டுச் சிதறலால் இறந்தார். அவரைச் சிப்பாய் லயன் வளவிலே தோழர்கள் அடக்கம் செய்யும்பொழுது மீண்டும் குண்டு விழுந்தது. மாணவர் பதினொருவர் உயிர் துறந்தனர். ஓடிப்போக வழியிருந்தும் ஓடாது நின்ற இளைஞர்கள் அவர்கள். அந்நாட்களில் அவ்வைத்தியசாலைக்கு வந்து இறந்தோரைத் தனித்தனியே அடக்க இடமுமில்லை, நேரமுமில்லை. ஆகவே முன்னே கூறிய நீர்த்தொட்டிப் பள்ளத்திலே 400க்கு மேற்பட்ட குடிமக்களும் படைவீரரும் ஒருங்கே அடக்கப்பட்டனர். தாகம் தீர்க்கத் தோண்டிய குழி சவக்குழி ஆயிற்று. போர் முடிந்தபின் இன்னார் இன்னாரென்று பிரித்தறிய இயலாமையின் அதனைக் கலைக்காது அவ்வாறே விட்டனர். அவர்களுக்குரிய நினைவுச்சின்னம் இன்றும் கிராஞ்சிப் போர்க் கல்லறையில் நிற்கின்றது.

15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. சரணடையத் தூண்டிய காரணங்களுள் நீரின்மை முதன்மையான ஒன்று.

இவ்வளவும் எதிர்பாராத இடி. யார்தாம் முன்னறிந்திருக்கக் கூடும் என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. மலாய் நாட்டுப் படைத்தலைவராயிருந்த டாபி என்பவரின் கீழ் அதிகாரியாயிருந்த பெர்சிவல், 1937இலேயே பகைவர் வடக்கே சயாம் கரையிலும் கோத்தா பாருவிலும் இறங்கி நிலவழியே வரக்கூடும் என்று எழுதி வைத்தார். 1942இல் சரணடைந்த தலைவரும் அதே பெர்சிவலே. ஆகவே வெள்ளம் வரும் திசை தெரிந்தே இருந்தது. தெரிந்தது படைக்கணக்கில் ஏறியும், வைத்தியசாலைக் கணக்கில் ஏறவில்லை. கட்டடங்களையும் படுக்கைகளையும் எண்ணினர். அவற்றுக்கு வரும் நீரையும், அவற்றைச் சூழ்ந்த கிடங்குகளையும், அவற்றின் கூரையையும், முற்றுகையின் நடுவே எஞ்சி நிற்கப்போகும் மக்களையும் எண்ணவில்லை.

இனி, கட்டடம் இல்லாவிடத்தும் வைத்தியசாலை நிற்றல் கூடும் என்பதற்கும் அப்போரே சான்று தருகின்றது. சிறைப்பட்ட வீரர்கள் சாங்கியில் ராபர்ட்ஸ் படைவீட்டை வைத்தியசாலையாக்கினர். பின்பு 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் பர்மா இருப்புப்பாதை வேலைக்கு அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டனர். மூங்கிற் குடிசையிலே, மருந்தின்றியும் கருவியின்றியும் அவர்களுடைய டாக்டர்கள் நீரைக் காய்ச்சச் செய்தும், கழிப்பிடம் வகுத்தும், நோயாளரைப் பிரித்து வைத்தும் காத்தனர். அப்படியும் ஏறக்குறைய 60,000 சிறைவீரருள் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர் நிலையோ இதனினும் கொடிது. மலாய்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். அவர்களுக்கு அதிகாரியுமில்லை, டாக்டருமில்லை, ஒழுங்கு செய்வாருமில்லை. அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். காடு ஒன்றே, மழை ஒன்றே, காலரா ஒன்றே. வேறுபட்டது, தம்மைக் காக்கும் அறிவும் ஒழுங்கும் உடையோர் உடனிருந்தமையும் இல்லாமையுமே. நம் இனத்தார் அத்துணைப் பேர் பெயரும் கல்லும் இன்றி மறைந்ததற்கு இதுவே பெருங்காரணம் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் பொறுக்கவில்லை.

இவ்வரலாறு பழங்கதையென்று கழித்துவிடத் தக்கதன்று. 2021ஆம் ஆண்டுக் கோடையில் பெருந்தொற்றின் இரண்டாம் அலை நம் நாட்டைத் தாக்கியபோது, மண்டபங்களிலும் பள்ளிகளிலும் வரிசை வரிசையாகப் படுக்கைகள் இட்டனர். படுக்கை கிடைத்தும் பிராணவாயு கிடையாது பலர் இறந்ததை நாம் அனைவரும் கண்டோம். நீருக்குப் பதில் வாயு. மற்றபடி எண்ணிய முறையும் எண்ணாது விட்ட முறையும் ஒன்றே.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒன்று கூறி அமைவோம். நாம் ஊர்தோறும் மண்டபமும் பள்ளியும் மாணவர் விடுதியும் கட்டி வருகின்றோம். பேரிடர் வருங்கால் இவையே நோயாளர்க்கும் வீடிழந்தோர்க்கும் உறைவிடமாகும். கட்டும்பொழுதே அதன் கூரை தீப்பற்றாததா, வளவில் வற்றாத கிணறு உண்டா, வெள்ளத்திலும் வண்டி வரும் வழி உண்டா, முதலுதவி அறிந்த இளைஞரும் பெண்டிரும் அத்தெருவில் எத்துணைப் பேர் என்னும் நான்கு வினாக்களையும் கேட்டு விடை எழுதி வைத்தல் வேண்டும். கல்வெட்டிற் பொறிக்கும் நன்கொடையாளர் பெயர்களினும் இவ்விடைகள் நாளைக்குப் பயன்படும். அங்ஙனம் எடுக்கும் இடத்தின் கதவு, இடர் வந்த நாளில் நம்மவர் பிறர் என்று பாராது யாவர்க்கும் திறந்திருத்தலும் வேண்டும். பினாங்கிலே ஆட்சியாளர் செய்த வேறுபாட்டை நாம் நம் தெருவிற் செய்யாதிருப்பதே, அன்று கைவிடப்பட்டோர்க்கு நாம் செய்யத்தகும் கடன்.